கண்பட்டைக்குப் பின்னால் இருப்பவருக்காக: சைக்கடெலிக் சிகிச்சை நெறிமுறைகளை எழுதுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சைக்கடெலிக் சிகிச்சை ஆய்வுகளை வடிவமைப்பவர்களுக்கும், அவற்றுக்கு ஒப்புதல் தரும் அறநெறிக் குழுக்களுக்கும், சிகிச்சையாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர்களுக்கும்,

வணக்கம்.

நான் ஒரு மனநல ஆலோசகர். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் திருநங்கையர், திருநம்பியர், ஆண் பெண் என்ற இரண்டுக்குள்ளும் அடங்காதவர்கள், தன்பாலீர்ப்பு உள்ளவர்கள். மருந்து எழுதிக் கொடுக்கும் தகுதி எனக்கில்லை. எம்.டி.எம்.ஏ, எல்.எஸ்.டி போன்ற, மனநிலையையும் உணர்வையும் மாற்றும் சைக்கடெலிக் மருந்தைக் கொடுத்து, கண்ணை மறைத்துப் படுக்க வைத்து, பக்கத்தில் இருந்து நீங்கள் உளசிகிச்சை தரும் அந்த அறைக்குள் நான் உட்கார்ந்ததும் இல்லை. ஆனால் அந்த அறைக்குள் போய் வந்தவர்களோடும், போக ஆசைப்பட்டு வாசலிலேயே திரும்பியவர்களோடும் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறேன். அவர்களிடம் கேட்டதையும் நானாகத் தேடிப் படித்ததையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தச் சிகிச்சைக்கு நான் எதிரி இல்லை. எம்.டி.எம்.ஏ துணையுடன் நடந்த மூன்றாம் கட்ட ஆய்வுகளில் (ஒப்புதல் கேட்பதற்கு முந்தைய பெரிய ஆய்வுகள்) இரண்டாவது 2023இல் வெளிவந்தது. 104 பேர் சேர்ந்த ஆய்வு அது. மருந்தும் உளசிகிச்சையும் சேர்ந்து கிடைத்தவர்களில் 71 சதவீதம் பேருக்கு, முடிவில் பி.டி.எஸ்.டி (பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநலப் பாதிப்பு) என்று சொல்லும் அளவுக்கு அறிகுறிகள் இல்லை. போலி மருந்தோடு அதே உளசிகிச்சை பெற்றவர்களில் அது 48 சதவீதம். இந்த எண்களைப் பற்றிச் சண்டைகள் உண்டு என்பதும் தெரியும். இருந்தாலும் வீட்டிலும் பள்ளியிலும் தெருவிலும் அடிபட்டே வளர்ந்தவர்களை வாரம் தவறாமல் பார்க்கும் எனக்கு, அப்படி ஒரு வாய்ப்பு இருக்கிறது என்பதே பெரிய விஷயம். இவர்களுக்கும் அது கிடைக்க வேண்டும். கிடைக்கும்போது இன்னொரு காயமாகிவிடக் கூடாது. என் கவலை அதுதான்.

ஒருவர் கதையைச் சொல்கிறேன். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். எந்த இடம், எந்த ஆய்வு என்பதைச் சொல்லப்போவதில்லை.

அவர் திருநம்பி, பிறப்பில் பெண் என்று பதியப்பட்டு, தன்னை ஆணாக அறிபவர். மார்பைத் தட்டையாகக் காட்ட பைண்டர் என்ற இறுக்கமான உள்ளாடை அணிபவர். தகுதிச் சோதனையில் ஈசிஜி எடுக்கச் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். அறையில் மூன்று பேர் இருந்தார்கள். யாரும் தவறாக எதுவும் சொல்லவில்லை, ஆனால் ஒருவரும் ஒன்றும் கேட்கவும் இல்லை. கோப்பில் பிறப்பில் பதிந்த பாலினம்தான் இருந்தது. மருந்தமர்வு நாளில் பைண்டரைக் கழற்றிவிட்டுப் போகும் துணிவு அவருக்கு வரவில்லை. எட்டு மணி நேரம் இரண்டு அந்நியர்கள் முன்னால் படுத்திருக்க வேண்டுமே.

எம்.டி.எம்.ஏ இதயத்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் உடல் சூட்டையும் ஏற்றும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இரண்டு மணி நேரம் போனதும் அவருக்கு மூச்சு முட்டியது. சிகிச்சையாளர்கள் அதைப் பழைய அதிர்ச்சி மேலே வருவதாக எடுத்துக்கொண்டார்கள். "ஆழமா மூச்சு விடுங்க, வர்றது வரட்டும்" என்று கனிவாகத்தான் சொன்னார்கள். அவருடைய விலா எலும்பை இறுக்கிக்கொண்டிருந்தது ஒரு துணி. அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை, சொல்ல வைக்கும்படியான ஒரு கேள்வியும் முன்தயாரிப்பு அமர்வுகளில் வரவில்லை.

அப்புறம் பாத்ரூம். கால் தடுமாறும் என்பதால் துணையில்லாமல் எழுந்து போகக் கூடாது என்று விதி. அவர் எழுந்ததும், கோப்பின்படி, பெண் சிகிச்சையாளர் எழுந்து கூட வந்தார். இவர் பேசாமல் திரும்பி வந்து படுத்துக்கொண்டார். மாலை வரை அடக்கிக்கொண்டே இருந்தார்.

"மீதி நேரம் முழுக்க என் பிரச்சினையைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. பாத்ரூமைப் பற்றித்தான் யோசித்தேன்" என்றார் என்னிடம்.

அந்த ஆய்வறிக்கையில் அவர் ஒரு எண்ணாக இருப்பார். மருந்துக்குப் பெரிதாகப் பலன் இல்லாதவர் என்ற கணக்கில் சேர்ந்திருக்கவும் கூடும். அவருக்கு வேலை செய்யாதது மருந்துதானா என்று அந்த எண்ணைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

இதையெல்லாம் 'பண்பாட்டு உணர்திறன்' என்ற ஒரு மதிய வகுப்பில் சரிசெய்துவிடலாம் என்று நினைப்பவர்களைச் சந்தித்திருக்கிறேன். நல்ல மனசுக்காரர்கள்தான். ஆனால் அந்த வகுப்பு போதாது. இந்தச் சிகிச்சைக்கென்றே உள்ள ஒரு தன்மை அதற்குக் காரணம்.

சாதாரண ஆலோசனையில் நான் ஏதாவது அபத்தமாகச் சொல்லிவிட்டால் எதிரே இருப்பவர் முகம் சுளிப்பார், மறுத்துப் பேசுவார், அடுத்த வாரம் வராமல் இருப்பார். தன்னைக் காத்துக்கொள்ள அவருக்கு நூறு வழி உண்டு. உங்கள் அறையில் அந்த வழிகளை மருந்து தளர்த்திவிடுகிறது. தளர்த்துவதற்காகத்தான் அதைக் கொடுக்கிறீர்கள். லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 10 தன்னார்வலர்களுக்கு எல்.எஸ்.டி கொடுத்துப் பார்த்த ஒரு சிறு ஆய்வு 2015இல் வெளிவந்தது. கற்பனை செய்து பாருங்கள் என்று சொன்னவை, மருந்தின் கீழ் அவர்களுக்கு இன்னும் நிஜம்போலத் தோன்றின. சொன்னதை உள்வாங்கும் தன்மை கூடியிருந்தது. இதைச் சிகிச்சைக்கு உதவும் நல்ல குணமாகப் பேசுகிறோம். சரி, உதவும்தான். ஆனால் நல்ல சொல் நுழையும் அதே கதவு வழியாகச் சிகிச்சையாளரின் அறியாமையும் நுழையும். ஐந்தாவது மணி நேரத்தில் வாய்தவறி அழைத்த பழைய பெயரும் நுழையும். "உங்களுக்குள்ள இருக்கிற பெண்மையை ஏன் வெறுக்கிறீங்க?" என்று அன்பாகக் கேட்கும் கேள்வியும் நுழையும். கேட்பவர் கண்பட்டை கட்டி, காதில் இசையோடு, உடலெல்லாம் திறந்து கிடக்கிறார். அந்தக் கேள்வியை அவரால் அப்போது தள்ளிவைக்க முடியாது.

இது வீண் பயம் இல்லை. இந்தத் துறையின் முதல் சுற்றிலேயே நடந்திருக்கிறது. 1950களிலும் 60களிலும் தன்பாலீர்ப்பை நோயாகக் கருதி, அதைக் 'குணப்படுத்த' எல்.எஸ்.டி கொடுத்தவர்கள் இருந்தார்கள். 1966இல், எல்.எஸ்.டியைப் பரப்பிய உளவியலாளர் டிமதி லியரி ஒரு பத்திரிகைப் பேட்டியில், தன்பாலீர்ப்புக்கு எல்.எஸ்.டி நல்ல மருந்து என்ற பொருள்படப் பேசினார். அவருடன் ஹார்வர்டில் பணியாற்றிய ரிச்சர்ட் ஆல்பர்ட், எல்.எஸ்.டி அமர்வுகள் மூலம் ஓர் ஆணின் நாட்டத்தைப் பெண்கள் பக்கம் திருப்ப முயன்றதைப் பற்றி 1969இல் எழுதினார். அதே ஆல்பர்ட்தான் ராம் தாஸ் என்ற பெயரில் உலகம் அறிந்த ஆன்மிக ஆசிரியரானார். ஆண்கள்மீது தமக்கிருந்த ஈர்ப்பைப் பற்றிப் பல ஆண்டுகளுக்குப் பிறகு வெளிப்படையாகப் பேசவும் செய்தார். இந்த இரண்டையும் சேர்த்து முதல்முறை படித்த நாளில், படித்ததை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். தன்னையே ஏற்க முடியாத காலத்தில் ஒருவர், மருந்தின் கீழ் இன்னொருவரைத் திருத்த உட்கார்ந்திருக்கிறார். இருவரில் யாருக்காக வருத்தப்படுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது 1973இல். பாலின அடையாளத்துக்கு இன்னும் நாளாயிற்று. உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி-11 பட்டியல் அதை மனநோய்கள் அத்தியாயத்திலிருந்து வெளியே எடுத்தது. அந்தப் பட்டியலுக்கு 2019இல் ஒப்புதல் கிடைத்தது, நடைமுறைக்கு வந்தது 2022இல். அதாவது, இன்று அனுபவம் மிக்கவர்கள் என்று நீங்கள் வேலைக்கு எடுக்கும் பெரும்பாலோர், நான் உட்பட, திருநர்களை நோயாளிகளாகக் காட்டிய பாடங்களைப் படித்துத் தேர்வு எழுதியவர்கள். அது எங்களுக்குள் எங்கோ ஒரு மூலையில் கிடக்கத்தான் செய்யும். ஆகவே நெறிமுறையில் ஒரு வரி நேரடியாகவே வேண்டும்: மருந்தின் கீழ் இருப்பவரின் பாலின அடையாளத்தையோ பாலீர்ப்பையோ மாற்றவோ, சந்தேகிக்கவோ, அதற்கு விளக்கம் கண்டுபிடிக்கவோ முயலக் கூடாது. மீறினால் அது அமர்வில் நேர்ந்த சிறு பிசகு ஆகாது, அறநெறி மீறலாகப் பதிவாக வேண்டும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மருந்தமர்வுக்குள் தன் பாலினத்தைப் பற்றி முதன்முதலாக ஏதோ ஒன்று பிடிபட்டது என்று சொல்பவர்களும் என்னிடம் வந்திருக்கிறார்கள். அவர்களை அன்றே ஒரு முடிவை நோக்கித் தள்ளுவதும் தவறு, "மருந்து இறங்கினால் சரியாகிவிடும்" என்று ஒதுக்குவதும் தவறு. அது அவருடைய கண்டுபிடிப்பு. அதனோடு பழக அவருக்கு மாதங்கள் ஆகலாம். மருந்தமர்வில் கண்டதைப் பேசி உள்வாங்கும் ஒருங்கிணைப்பு அமர்வுகள் முடிந்த பிறகும் யாரிடம் போய்ப் பேசலாம் என்பதற்கு ஒரு வழி காட்டுங்கள், போதும்.

சைக்கடெலிக் வட்டாரத்தில் அடிக்கடி கேட்கும் இன்னொரு பேச்சு எனக்கு உண்மையாகவே கலக்கம் தருகிறது. எல்லாம் ஒன்று, ஆண் பெண் எல்லாம் மேல்தோல், பெயரும் உருவமும் கரைந்துபோகும் என்கிறார்கள். அந்த அனுபவம் வருவதை நான் மறுக்கவில்லை. அது வந்தவர்கள் கண்ணில் நீரோடு சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால் பிறந்ததிலிருந்து யாரும் கேள்வி கேட்காத பெயரைச் சுமப்பவருக்கு அந்தப் பெயர் கரைவது ஒரு விடுதலை. பதினைந்து வருடம் போராடி, வீட்டை இழந்து, தன் பெயரைத் தானே வாங்கிய ஒரு திருநங்கைக்கு? அவருடைய அனுபவத்தில் அது தானாகக் கரைந்தால் கரையட்டும். "பெயரெல்லாம் மாயைதானே" என்று எதிரே இருப்பவர் எடுத்துக்கொடுக்கக் கூடாது. தோலின் நிறத்துக்காக மிதிபட்டவரிடமும் சாதிக்காக ஒதுக்கப்பட்டவரிடமும் இதே பேச்சு இதே வேலையைத்தான் செய்யும். அவர் பட்ட பாட்டை ஒரு தத்துவத்தால் துடைத்துவிடும்.

ஆணும் பெண்ணுமாக இரண்டு சிகிச்சையாளர்கள் என்ற வழக்கத்துக்கு வருகிறேன். எம்.டி.எம்.ஏ ஆய்வுகளில் நெடுநாள் பழகிய ஏற்பாடு இது. அப்பா அம்மா போல இருவரும் தாங்குவார்கள், பெண் ஒருவர் கூட இருந்தால் பாதுகாப்பும் ஆயிற்று என்பது அதன் பின்னால் உள்ள எண்ணம். சில இடங்களில் இந்த விதி இப்போது தளர்ந்திருக்கிறது, நல்லது. ஆனால் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து வாசலைச் சாத்திய வீட்டிலிருந்து வருபவருக்கு, அதே ஜோடியைக் கட்டிலின் இரு பக்கமும் உட்கார வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தீர்களா? சிலருக்கு அது ஆறுதலாகவும் இருக்கலாம். எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. வருபவருக்குத்தான் தெரியும். அவரிடமே கேளுங்கள்.

பாதுகாப்பு என்ற அந்த வாதமும் ஏற்கெனவே உடைந்துபோனது. கனடாவில் நடந்த ஒரு இரண்டாம் கட்ட எம்.டி.எம்.ஏ ஆய்வில் ஆணும் பெண்ணுமான ஒரு சிகிச்சையாளர் இணை, பங்கேற்ற பெண்ணிடம் எல்லை மீறி நடந்தது வெளியே வந்தது. அந்த இடத்துத் தரவுகள் இடம்பெற்ற மூன்று ஆய்வுக் கட்டுரைகளை 2024 ஆகஸ்டில் 'சைக்கோஃபார்மகாலஜி' இதழ் திரும்பப் பெற்றது. அதே மாதம்தான் அமெரிக்காவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ, எம்.டி.எம்.ஏ சிகிச்சைக்கு ஒப்புதல் தர மறுத்தது. மறுப்புக்குப் பல காரணங்கள் உண்டு. என்றாலும் ஜூன் மாதம் கூடிய ஆலோசனைக் குழுவின் விவாதத்தில் சிகிச்சையாளர் நடத்தை பற்றிய கேள்வியும் எழுந்தது. அறையில் எத்தனை பாலினத்தார் உட்கார்ந்திருந்தாலும், மருந்தின் கீழ் இருப்பவர் 'வேண்டாம்' என்றால் அது செல்லும் என்ற நிலை இல்லாவிட்டால் பாதுகாப்பு இல்லை.

தொடுதலைப் பற்றி எழுதும்போது இதை மனதில் வையுங்கள். கையைப் பிடித்துக்கொள்வது ஒருவருக்கு உயிர்நாடி. இன்னொருவருக்கு அதே கை, தன் உடலை ஊரே தடவிப் பார்த்த நினைவு. எங்கே தொடலாம், எங்கே கூடாது, மார்பிலோ வயிற்றிலோ கை வைக்கலாமா என்பதை மருந்துக்கு முந்தைய நாட்களில், தெளிந்த மனநிலையில், பேசி எழுதி வையுங்கள். மருந்து ஏறிய பின் "கட்டிக்கொள்ளுங்கள்" என்று அவரே கேட்டாலும் முன்பு எழுதியதைத் தாண்டக் கூடாது. ஆனால் முன்பு சம்மதித்ததை அந்த நேரத்தில் வேண்டாம் என்றால், அந்த நொடியே நிறுத்த வேண்டும். விதி இப்படி ஒருபக்கம் சாய்ந்திருப்பதுதான் நியாயம்.

யாரை வைத்து இந்த அறிவைச் சேர்த்திருக்கிறோம் என்பதையும் பாருங்கள். 1993 முதல் 2017 வரை வெளிவந்த 18 சைக்கடெலிக் சிகிச்சை ஆய்வுகளை 2018இல் ஒரு குழு தொகுத்துப் பார்த்தது. பங்கேற்ற 282 பேரில் 82.3 சதவீதம் பேர் ஹிஸ்பானியர் அல்லாத வெள்ளையர். அதற்குப் பிறகு கொஞ்சம் மாறியிருக்கிறது, முன்பு சொன்ன 2023 எம்.டி.எம்.ஏ ஆய்வில் அது தெரிகிறது. ஆனால் பாலினம் என்று வந்தால், ஆண் இத்தனை, பெண் இத்தனை என்று இரண்டு எண்களோடு முடியும் அட்டவணைகளை இன்னும் நிறையப் பார்க்கிறேன். அந்த அட்டவணையில் என்னிடம் வருபவர்கள் எங்கே இருக்கிறார்கள்? பிறப்பில் பதிந்த பாலினம் ஒரு கேள்வி, இன்று அவர் தன்னை யாராக அறிகிறார் என்பது இன்னொரு கேள்வி. இரண்டையும் கேட்டு, இரண்டையும் வெளியிடுங்கள்.

கறுப்பின மக்கள் ஏன் ஆய்வுகளுக்கு வரத் தயங்குகிறார்கள் என்று கேட்பவர்கள் லெக்சிங்டனைப் பற்றிப் படிக்க வேண்டும். 1950களில் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் இருந்த அந்தப் போதை ஆய்வு மையத்தில் ஹாரிஸ் இஸ்பெல் என்ற மருத்துவர், பெரும்பாலும் கறுப்பினத்தவரான சிறைவாசிகளுக்கு எல்.எஸ்.டி கொடுத்துச் சோதித்தார். சிலருக்குத் தொடர்ந்து 77 நாட்கள். கைம்மாறாகக் கொடுத்தது என்ன தெரியுமா? அவர்கள் விட்டொழிக்க வந்த போதை மருந்தையே. அந்த நினைவை அடுத்த தலைமுறை மறக்காமல் இருப்பதற்குத் 'தயக்கம்' என்று பெயர் வைப்பது சரியில்லை.

ஹார்மோன் விஷயத்தில் நான் கண்டது ஒன்று. ஒரு ஆய்வில் சேர விரும்பிய ஒரு திருநங்கை, பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் எடுப்பதாகச் சொன்னால் தள்ளிவிடுவார்கள் என்று பயந்து, யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். மூன்றாவது வாரம் என்னிடம் வந்தபோது தூக்கமில்லை, முகத்தில் களையில்லை, கண்ணாடி பார்ப்பதையே விட்டிருந்தார். மனச்சோர்வுக்கான ஆய்வில் சேர்வதற்காக அவர் தன் மனச்சோர்வை ஏற்றிக்கொண்டார். ஹார்மோன் எடுப்பவர்களைச் சேர்ப்பீர்கள் என்றால் அழைப்பிலேயே எழுதுங்கள். சேர்க்க முடியாது என்றால் மருத்துவக் காரணத்தைச் சொல்லுங்கள். காரணம் தெரியாமலே வழக்கமாக விலக்குவதுதான் நடக்கிறதென்றால், அதை நிறுத்திவிட்டு இந்த மருந்துகளோடு ஹார்மோன்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்று ஆராயுங்கள். உங்களைத் தவிர யார் ஆராய்வார்கள்?

நேரக் கணக்கும் ஒரு வாசல்தான். எம்.டி.எம்.ஏ மூன்றாம் கட்ட முறையில் ஒன்றரை மணி நேர முன்தயாரிப்பு மூன்று, எட்டு மணி நேர மருந்தமர்வு மூன்று, ஒன்றரை மணி நேர ஒருங்கிணைப்பு ஒன்பது. கூட்டினால் 42 மணி நேரம். மருந்தமர்வுக்கு மறுநாள் வேலைக்குப் போகும் நிலையில் எல்லோரும் இருக்க மாட்டார்கள். நாட்கூலிக்காரர் இதற்கு எத்தனை நாள் கூலியை விட வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதவர், சக்கர நாற்காலியில் வருபவர், சிகிச்சையாளரின் மொழியில் அழத் தெரியாதவர் என்று இந்த வாசலில் நிற்பவர்கள் பலர். பயணம், கூலி, பிள்ளைப் பராமரிப்பு மூன்றையும் ஆய்வின் செலவில் முதல் பக்கத்திலேயே சேர்க்க முடியும்.

இதையெல்லாம் எழுத உங்கள் மேசையில் திருநரும் பால்புதுமையரும் (தன்பாலீர்ப்பு உள்ளவர்கள் போன்றோர்) ஊதியத்தோடு உட்கார வேண்டும். வரைவு முடிந்தபின் கருத்துக் கேட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்புவதோடு நிறுத்திவிடாதீர்கள். முதல் வரி எழுதும்போதே கூப்பிடுங்கள். பைண்டரைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று உங்களில் யாருக்கும் தோன்றாதது உங்கள் கெட்ட எண்ணத்தால் அல்ல. பைண்டர் அணிந்த ஒருவர் அந்த மேசையில் இருந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் சொல்லியிருப்பார்.

நான் சொன்ன அந்தத் திருநம்பி மறுபடி ஒரு ஆய்வுக்கு விண்ணப்பிக்க நினைக்கிறார். அவ்வளவு நடந்தும் அவருக்கு நம்பிக்கை மிச்சம் இருக்கிறது. போன வாரம் ஒரு தாளில் கேள்விகளை எழுதிக்கொண்டு வந்து என்னிடம் காட்டினார். முதல் கேள்வி: "நான் பாத்ரூம் போகும்போது என்னோடு யார் வருவார்கள் என்பதை நானே சொல்லலாமா?" அதற்குக் கீழே, "பைண்டர் இல்லாமல் படுத்திருக்க ஒரு தளர்வான சட்டை, கனமான போர்வை தருவீர்களா?" அதற்கும் கீழே, "கோப்பில் என் பெயரை மாற்றி எழுத எவ்வளவு நாளாகும்?"

அவர் இந்தத் தாளோடு உங்களில் ஒருவரின் வாசலுக்கு வருவார். அதற்குள் இந்த மூன்றுக்கும் உங்கள் நெறிமுறையில் பதில் எழுதி வைத்திருங்கள்.

அன்புடன்,
ஒரு மனநல ஆலோசகர்